நஹ்ரோபாத்தில் நின்றுதான் சாக வேண்டும்

தியாகலிங்கம் அன்று காலை பத்தேகாலுக்குச் செத்திருக்க வேண்டும்.

எல்லா ஏற்பாடும் ஒழுங்காகத்தான் இருந்தது. நெஞ்சில் பன்றி இரத்தப் பை கட்டியிருந்தார்கள். முதுகில் முப்பத்தொன்று என்று எண் ஒட்டியிருந்தார்கள். எங்கே விழ வேண்டும் என்று மணலில் சுண்ணாம்பால் ஓர் ஆள் வடிவம் கீறி, தலை எந்தப் பக்கம் என்பதற்கு அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். குண்டு ஒரு விநாடி பிந்தாமல் சந்தையின் நடுவில் வெடித்தது.

தியாகலிங்கம் சாகவில்லை.

வேறு ஒருவரும் சாகவில்லை. புகை அடங்கியபோது சந்தையில் ஆளே இல்லை. நாற்பது தமிழர்களும் சந்தை ஓர வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தார்கள். காதுக்குள் விரல். வாய் திறந்தபடி. முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மேலே நின்றது ஒரே ஒரு தமிழன். சரத். சென்னையிலிருந்து மொன்றியலுக்குப் படிக்க வந்தவன், பகுதி நேரமாக அங்கே மொழிபெயர்ப்பாளன். கையில் கோப்புடன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்னண்ணே இது, எல்லாரும் எங்க போய்ட்டீங்க?"

"கிடவடா, அடுத்தது வரும்" என்றது வாய்க்கால்.

அடுத்தது வரவில்லை. வந்தது இயக்குநர் முசியே தெலோர்ம்.

*

நஹ்ரோபாத் என்பது பாலைவனத்து ஆற்றங்கரை நகரம். அப்பிராந்தியத்தின் நிர்வாக, வர்த்தக மையம். நிறுவனத்தின் கைந்நூலில் முதல் பக்கத்து முதல் வரி இது. நகரத்தைப் பற்றி நிறுவனத்துக்குத் தெரிந்ததும் இந்த ஒரு வரிதான். மிச்சம் முந்நூற்றுப் பதினொரு பக்கமும் அங்கே எது எது எப்படி வெடிக்கும் என்பது பற்றி.

அந்தத் தூர தேசத்து நகரத்தை நிர்வகிக்கப் போகிற இளம் ஆலோசகர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுப்பது நிறுவனத்தின் வேலை. அதற்காக சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு அப்பால், கைவிட்ட ஒரு கம்பளத் தொழிற்சாலைக்குள் நஹ்ரோபாத்தை அப்படியே கட்டியிருந்தார்கள். எண்பது லொறி மணல். நீலத் தார்ப்பாயில் ஓர் ஆறு. ஆளுநர் கந்தோர், சுங்கச் சாவடி, நீர்ப் பங்கீட்டு அலுவலகம், நீதிமன்றம், தானியச் சந்தை. வெளியே கழித்தல் இருபத்து நான்கு பாகை. உள்ளே ஆறு மூன்றாம் நாளே உறைந்துவிட்டது. பாலைவன வெக்கைக்காக மூலைக்கு மூலை புரொப்பேன் சிலிண்டரில் எரிகிற ஹீட்டர் வைத்திருந்தார்கள். நகர மக்களுக்கு மெல்லிய பருத்தி உடுப்பு. பருத்திதான் உண்மைத்தன்மை.

முதலில் அந்த நாட்டுக்காரர் ஆறு பேரைத்தான் வேலைக்கு எடுத்தார்கள். அவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, நகரம் இப்படி இருக்காது என்றார்கள். அவர்களை நிறுத்திவிட்டார்கள். பிறகுதான் ஈழத் தமிழரை எடுத்தார்கள். நகரம் எப்படி இருக்கும் என்று இவர்களுக்குத் தெரியாது. நிறமும் பொருந்தியது.

தியாகலிங்கத்துக்கு வெங்காயக் கடை. வெங்காயம் பிளாஸ்டிக். உருண்டு ஓடாதிருக்கக் கூடையோடு சேர்த்து ஒட்டியிருந்தது. ஆலோசகர்கள் வந்து விலை கேட்டால், "விலை நல்லது, பாதுகாப்பும் நல்லது" என்று சொல்ல வேண்டும். சொல்லி முடிந்ததும் குண்டு வெடிக்கும்.

ஆளுநர் கந்தோரில் எழுதுவினைஞர் சவிரிமுத்து. மன்னார்க் கச்சேரியில், அரசாங்க அதிபர் அலுவலகத்தில், இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். முதல் நாளே முறைப்பாடு செய்தார்.

"பதினொரு அலுமாரி இருக்கு. திறந்தால் ஒண்டிலையும் ஒரு கோவை, ஒரு கடதாசி இல்லை. நான் என்னத்தை எழுதுறது?"

முசியே தெலோர்ம் சொன்னதைச் சரத் சொன்னான். "எழுத வேணாமாம் சார். பத்தேகால் வரைக்கும் எழுதற மாதிரி உக்காந்திருந்தா போதுமாம்."

"அப்ப சரி. அதிலை எனக்கு நல்ல அனுபவம் இருக்கு."

*

விசாரணை ஆளுநர் கந்தோரிலேயே நடந்தது. முசியே தெலோர்ம் உயரமானவர். சோகமான முகம். அறிக்கையை வாசித்தார்.

"எதிர்பார்த்த உயிரிழப்பு பதினான்கு. அடைந்தது பூச்சியம். இந்த நிறுவனத்தின் நான்கு வருட வரலாற்றில் இப்படி ஒரு வீழ்ச்சி நடந்ததில்லை."

குண்டுச் சத்தத்தை நிறுவனம் ஓர் உண்மையான யுத்தத்தில் பதிவுசெய்து எடுத்திருந்தது. அதுதான் வில்லங்கம். தூரத்தில் ஷெல் குத்துகிற, அதாவது குழாயிலிருந்து ஏவுகிற, மெல்லிய 'டும்' கூட அதில் பதிவாகியிருந்தது. அந்த 'டும்'முக்கும் வெடிக்கும் இடையில் ஒன்பது விநாடி. ஒன்பது விநாடியில் தியாகலிங்கத்தின் ஊரில் ஒரு குடும்பம் பங்கருக்குள் இறங்கி, விட்டுவிட்டு வந்த பிள்ளையையும் போய் எடுத்து வந்துவிடும்.

"குத்தின சத்தம் கேட்டது, படுத்திட்டம்" என்றாள் பாண் கடைக்காரி சிசிலி. "கேட்டும் படுக்காமல் நிண்டால் விசர் எண்டெல்லோ சொல்லுவினம்."

சரத் மொழிபெயர்த்தான். முசியே தெலோர்ம் மேசைமேல் இரண்டு கையையும் வைத்தார்.

"மதாம், நான் நஹ்ரோபாத்தை நேசிக்கிறேன். நான் அங்கே போனதில்லை. போனவர்களுக்குப் பாரபட்சம் வந்துவிடுகிறது. ஆனால் ஒன்று தெரியும். நஹ்ரோபாத் மக்கள் ஆயத்தமில்லாதவர்கள். அவர்கள் ஆயத்தமில்லாதவர்களாக இருப்பதால்தான் நாம் அவர்களுக்கு உதவப் போகிறோம். நீங்கள் உங்களை நீங்களே காப்பாற்றிக்கொண்டால், என் மாணவர்கள் யாரைக் காப்பாற்றுவது?"

சவிரிமுத்து தலையைச் சொறிந்தார். கேள்வியில் நியாயம் இருப்பதாக முசியே தெலோர்ம் எடுத்துக்கொண்டார். அன்றே புதிய விதி ஒட்டப்பட்டது. பத்து முறை சரியாகச் செத்தவர் நிரந்தரம் ஆக்கப்படுவார். மூன்று முறை உயிர் தப்பியவர் நீக்கப்படுவார். முதல் தப்பல் ஏற்கெனவே பதிவாகிவிட்டது.

தியாகலிங்கம் அந்த விதியை இரண்டு முறை வாசித்தார். அவர் மனைவி யோகராணி வவுனியாவில் இருந்தாள். மூன்று வருஷமாக அவளைக் கனடாவுக்குக் கூப்பிடப் பார்க்கிறார். கோப்பு நிரப்பிக் கொடுத்தவர் சொன்னது ஒன்றுதான்: "நிரந்தர வேலை எண்டு ஒரு கடிதம் கொண்டு வாங்கோ அண்ணை. இல்லாட்டில் இது இப்படியே கிடக்கும்."

பத்துச் சாவு. பிறகு யோகராணி.

*

சாகப் பழக்குவதற்கு மதாம் ப்ரூலே என்பவரை நியமித்தார்கள். நாடக மேடையில் பதினெட்டு வருஷம் செத்தவர். கழுத்தில் நீளமான சால்வை.

"குண்டு விழும்போது மனிதன் வியப்படைகிறான்" என்று தொடங்கினார். "வியப்படைந்தவன் நிமிர்வான். கைகள் மெல்ல விரியும். முகம் வானத்தைப் பார்க்கும். இதயம் கேட்கும், ஏன் என்று. பிறகு விழலாம்."

சவிரிமுத்து கையை உயர்த்தினார். "தம்பி, இவ ஷெல் விழுறதைப் பாத்திருக்கிறாவோ எண்டு கேளும்."

கேட்டான். மதாம் கண்ணை மூடித் திறந்தார். "நான் அதைக் கற்பனை செய்திருக்கிறேன். பார்ப்பது சுலபம். கற்பனை செய்வதுதான் கடினம்."

'டும்' ஒலித்தது. மதாமையும் சரத்தையும் தவிர எல்லோரும் வாய்க்காலுக்குள் போனார்கள்.

மறுநாள் வாய்க்காலைச் சீமெந்து போட்டு மூடினார்கள். அன்று எல்லோரும் மேசைக்குக் கீழ் போனார்கள். அதற்கடுத்த நாள் மேசைக் கால்களை வெட்டிக் குறுக்கினார்கள். அன்று சுவரோடு ஒட்டிப் படுத்தார்கள். கடைசியில் மதாம் மனம் நொந்து, ஆளுக்கொரு இரும்புக் கம்பியை மணலில் நட்டு, முதுகையும் முழங்காலையும் அதோடு பட்டியால் கட்டச் சொன்னார். 'டும்' ஒலித்தது. கட்டியபடி நாற்பது பேரும் துடித்தார்கள். இரண்டு பேர் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு விழுந்தார்கள். ஒருவருக்குத் தோள் மூட்டு கழன்றது. சிசிலி கட்டியபடியே வாந்தி எடுத்தாள்.

"அற்புதம்" என்றார் மதாம். "இப்போது முகங்களில் ஏதோ தெரிகிறது."

சரத் தியாகலிங்கத்தின் பட்டியை அவிழ்த்துவிட்டான். "அண்ணே, செத்துருங்கண்ணே, ப்ளீஸ். பயிற்சில தப்பிச்சதெல்லாத்தையும் சேத்து ஒண்ணுன்னு எழுதிட்டாங்க, ரெண்டு வார்னிங் ஆயிடுச்சு. இன்னொண்ணு தப்பிச்சீங்கன்னா வேலை போயிடும்."

"தம்பி, நான் சாகத்தான் நிக்கிறன். உடம்பு விடுகுதில்லை."

"கண்ண மூடிக்கிட்டு அக்காவ நெனச்சுக்குங்க."

"அவ தானே எனக்குப் படுக்கப் பழக்கினவ" என்றார் தியாகலிங்கம்.

அது உண்மை. கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் குண்டு போட கிபீர் விமானம் வந்தபோது, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற புது மாப்பிள்ளையின் பிடரியில் அடித்து விழுத்தியவள் யோகராணி.

*

அவர் வீட்டில் பழகினார். மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்விலில் இரண்டாம் மாடியில் ஓர் அறை. ஒலிப்பதிவைச் சரத் ஒரு சிடியில் கொடுத்திருந்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று போடுவார். டும். விழுவார். எழும்புவார். டும். விழுவார். கீழ் வீட்டு இத்தாலியக் கிழவர் தும்புத்தடியால் கூரையில் இடிப்பார். அந்த இடிக்கும் விழுவார்.

பதினாறாம் நாள், ஐந்நூற்றுச் சொச்சமாவது 'டும்'முக்குத் தியாகலிங்கம் நின்றார். நாக்கைக் கடித்து இரத்தம் வந்தது. ஆனால் நின்றார். கைகளை விரித்தார். விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். ஏன் என்று கேட்க மறந்துபோனார். பரவாயில்லை, அதற்குப் புள்ளி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யோகராணி தொலைபேசியில் கேட்டாள். "வேலை எப்பிடிப் போகுது?"

"போகுது."

"என்ன வேலை எண்டு இன்னும் சொல்லேல்லை நீங்கள்."

"சாகிற வேலை. சும்மா, விளையாட்டுக்கு. ஒரு நாளைக்கு ஒருக்கால்."

"இஞ்சை அதைச் சும்மாவே செய்யுதுகள்" என்றாள் யோகராணி. "போன கிழமையும் ரண்டு விழுந்தது. நான் கிணத்தடியிலை படுத்திட்டன்."

"கடிதம் கிடைச்சால் வந்திடலாம். இன்னும் பத்துத்தான்."

மறுநாள் முதல் சாவு. மதாம் அழுதுவிட்டார். இரண்டு, மூன்று, நாலு. சுண்ணாம்பு வடிவத்துக்குள் அச்சொட்டாக விழுந்தார். கை விரல் கூடக் கோட்டைத் தாண்டவில்லை. மற்றவர்களுக்குக் காட்ட அவரை முன்னால் நிறுத்தினார்கள். ஐந்தாம் சாவுக்குப் பிறகு சிசிலி அவரோடு கதைப்பதை நிறுத்தினாள்.

*

சாவு ஒழுங்காக வரத் தொடங்கியதும் நிறுவனத்துக்கு ஆசை கூடியது. உண்மைத்தன்மையை மூன்றாம் மட்டத்திலிருந்து ஐந்தாம் மட்டத்துக்கு உயர்த்தினார்கள். நாலாம் மட்டம் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் மட்டத்தில் ஆலோசகர்களுக்குத் தடி கொடுத்தார்கள். சந்தையில் கலவரம் வந்தால் அடக்கப் பழக வேண்டும். நகர மக்கள் கலவரம் செய்யாததால், எங்கே தொடங்குவது என்று ஆலோசகர்களுக்கு விளங்கவில்லை. கிட்ட நின்றவர்களிடமிருந்து தொடங்கினார்கள். சவிரிமுத்து எழுதுவதுபோல் உட்கார்ந்திருந்தார். முதல் அடியில் எழுதுகிற கை முறிந்தது. எலும்பு தோலுக்கு வெளியே வெள்ளையாகத் தெரிந்தது. பயிற்சியை நிறுத்தவில்லை. முதலுதவிப் பிரிவு ஆலோசகர்கள் ஓடி வந்து, உண்மையான முறிவு கிடைத்ததற்கு நன்றி சொல்லி, ஆளுக்கொரு முறை கட்டி அவிழ்த்துப் பழகினார்கள். ஏழு பேர். அறிக்கையில் அது 'கூடுதல் பயன்' என்ற தலைப்பில் வந்தது.

அடுத்த நாள் ஓர் ஆலோசகன் மரத் துவக்கின் பின்பக்கத்தால் சிசிலியின் வாயில் இடித்தான். முன்பல் இரண்டும் பாண் கூடைக்குள் விழுந்தன. சிசிலி அவற்றைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு, எட்டி அவன் காதைக் கடித்தாள். விடவில்லை. நாலு பேர் இழுத்துத்தான் பிரித்தார்கள். காதின் கீழ்த் துண்டு அவள் வாயோடு வந்தது. துப்பினாள்.

அந்தப் பையனுக்குக் 'கள அனுபவத்துடன்' என்று விசேஷ சான்றிதழ் கொடுத்தார்கள். சிசிலிக்கு எச்சரிக்கைக் கடிதம். நகர மக்கள் கடிப்பதாகக் கைந்நூலில் இல்லை.

"எண்ட பல்லு ரண்டு போட்டுது" என்று சிசிலி தியாகலிங்கத்திடம் சொன்னாள். பல நாளுக்குப் பிறகு கதைத்தது அதுதான். "நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டியள்."

"நான் செத்துக்கிடந்தனான், தங்கச்சி. ஒன்பதாவது."

"நல்லாச் சாகுங்கோ" என்றாள் சிசிலி.

*

பத்தாவது, பெப்ரவரி கடைசியில். ஒட்டாவாவிலிருந்து ஏழு பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். ஆளுநர் கந்தோரின் மாடத்தில் அவர்களுக்குக் கதிரை போட்டு, காலுக்குக் கம்பளி கொடுத்தார்கள். மதாம் ப்ரூலே ஆற்றங்கரையில் புள்ளித் தாளுடன் நின்றார். முசியே தெலோர்ம் உரையாற்றினார்.

"கனவான்களே, நஹ்ரோபாத் பாலைவனத்து ஆற்றங்கரை நகரம், அப்பிராந்தியத்தின் நிர்வாக, வர்த்தக மையம். இன்று அதன் வர்த்தகத்தைப் பார்த்தீர்கள். நிர்வாகத்தையும் பார்த்தீர்கள். சற்று நேரத்தில் இரண்டும் இருக்காது. அதன் பிறகுதான் எங்கள் பணி தொடங்குகிறது. உண்மையைச் சொன்னால், அதற்கு முன் அந்த நகரத்தில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை."

ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

அப்போது தியாகலிங்கத்தின் காதில் அது விழுந்தது. 'டும்' அல்ல. ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். மாடத்துக்குக் கீழே, ஹீட்டரின் ரப்பர்க் குழாய் குளிரில் வெடித்திருந்தது. சிலிண்டரிலிருந்து வெள்ளையாக ஏதோ மணலில் தவழ்ந்து வந்தது. மணம் வந்தது.

சிசிலிக்கும் மணத்தது. கையில் மாவுக்கட்டோடு இருந்த சவிரிமுத்துவுக்கும் மணத்தது. யாரும் கத்தவில்லை. பாண் கடை, சுங்கச் சாவடி, நீதிமன்றம் என்று முப்பத்தொன்பது பேரும் ஒரே வீச்சில் நிலத்தோடு நிலமானார்கள். இம்முறை சரத்தையும் காலைப் பிடித்து இழுத்து விழுத்தினாள் சிசிலி.

"மன்னிக்க வேண்டும்" என்றார் முசியே தெலோர்ம், வந்தவர்களிடம். பிறகு கைதட்டிக் கீழே கத்தினார். "இன்னும் நேரம் ஆகவில்லை. தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். எல்லோரும் நில்லுங்கள்."

தியாகலிங்கம் நின்றார்.

உடம்பு முழுவதும் விழு என்றது. பிடரியில் யோகராணியின் அடி விழுந்ததுபோல் இருந்தது. விழுந்தால் மூன்றாவது தப்பல். கோப்பு அசையாது. அவர் நாக்கைக் கடித்தார். கைகளை மெல்ல விரித்தார். முகத்தை மேலே தூக்கினார்.

ஆளுநர் கந்தோர் எழும்பியது. மாடம் கதிரைகளோடு போய்ச் சுங்கச் சாவடியில் மோதியது. கம்பளி எரிந்தபடி பறந்தது. ஒட்டாவாக்காரர் ஒருவரின் கால் அலுமாரிக்குக் கீழ் நசுங்கியது. பதினொன்றில் கனமான அலுமாரி அதுதான். இன்னொருவர் முகம் முழுவதும் கண்ணாடித் துண்டுகளோடு, இது எத்தனையாம் மட்டம் என்று கேட்டுக்கொண்டே மணலில் நடந்தார். முசியே தெலோர்மின் வலது கையில் மூன்று விரல்தான் மிஞ்சியது. மதாம் ப்ரூலே தார்ப்பாய் ஆற்றின் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெடி தியாகலிங்கத்தைத் தூக்கிப் பின்னால் எறிந்தது. சட்டை எரிந்தது. பிளாஸ்டிக் வெங்காயம் உருகி வயிற்றில் ஒட்டியது. இடது காது கேட்கவில்லை. ஆனால் அவர் விழுந்த இடம் சுண்ணாம்பு வடிவம். தலை அம்புக்குறிப் பக்கம்.

ஆற்றிலிருந்து ஒரு கை எழும்பியது. இரத்தம் வழிகிற முகத்தோடு மதாம் எட்டிப் பார்த்தார்.

"பத்து" என்றார்.

*

அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. விருந்தினர், பயிற்சித் தரப்பில் காயம் ஒன்பது. நகர மக்கள் தரப்பில் ஒன்று. இந்த ஏற்றத்தாழ்வுக்கு நகர மக்களின் ஒத்துழையாமையே காரணம். அறிவுறுத்தலை மீறி உயிர் தப்பிய முப்பத்தொன்பது பேரும் நீக்கப்பட்டார்கள். சரத்தும் போனான், மொழிபெயர்ப்பாளன் படுக்கக் கூடாது.

தியாகலிங்கம் நிரந்தரமானார். முசியே தெலோர்ம் இடது கையால் கடிதத்தில் ஒப்பமிட்டார். நஹ்ரோபாத் எரிந்துபோயிருந்ததால் அங்கே அவருக்கு வேலை இருக்கவில்லை. கடிதத்துக்கு அது தேவைப்படவும் இல்லை.

கோப்பு அசைந்தது. இரண்டு வருஷம் அசைந்து, 2009 மார்ச்சில் யோகராணி வந்து இறங்கினாள்.

ஐந்தாம் நாள் காலை. பனி உருகத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்துத் தெப்பனேர்க் கடையில் பாலும் முட்டையும் வாங்கிக்கொண்டு நடைபாதையில் வந்தார்கள். யோகராணி புதுச் சப்பாத்தோடு மெல்ல மெல்ல நடந்தாள். மூன்று மாடிக்கு மேலே, தகரக் கூரையில், குளிர்காலம் முழுவதும் உறைந்துகிடந்த பனிப்பாளம் 'டக்' என்று வெடித்தது.

யோகராணி அண்ணாந்து பார்க்கவில்லை. பால் பையை எறிந்துவிட்டுச் சுவரோடு ஒட்டி விழுந்தாள். காதில் விரல். வாய் திறந்தபடி.

"படுங்கோ."

தியாகலிங்கம் நின்றார். கைகள் மெல்ல விரிந்தன. முகம் வானத்தைப் பார்த்தது. மதாம் கண்டிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.

பாளம் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் தெருவின் மறுபக்கத்தில் நின்றவருக்கும் கேட்டது. தலையிலிருந்து வழிந்த இரத்தம் பனியில் பாலோடு கலந்தது. யோகராணி தவழ்ந்து வந்து, அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தரதரவென்று சுவரடிக்கு இழுத்தாள்.

"உங்களுக்கு என்ன பிடிச்சது? சத்தம் கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"கேட்டுமோ நிண்டனீங்கள்?"

"உம்மைக் கூப்பிடத்தானப்பா நிண்டு பழகினனான்."

அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. "கதையாதேங்கோ. அசையாமல் கிடவுங்கோ. உது ஒண்டோடை நிக்காது."

மேலே இரண்டாவது பாளம் 'டக்' என்றது. தியாகலிங்கம் ஒற்றைக் கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். யோகராணி அவர் பிடரியில் முழங்காலை வைத்து, முகம் பனியில் புதையும்வரை அமத்திப் பிடித்தாள்.